தையல் மெஷின் ஆயிலும் 200 பார் காற்றும்: ஒரு ஏர் ரைஃபிள் பழுதின் முழு ஆய்வு

பத்து மீட்டர் பயிற்சிக்கான பிசிபி ஏர் ரைஃபிள், அதாவது முன்பே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும் துப்பாக்கி. காலிபர் 4.5 மி.மீ. கழற்றி மாட்டக்கூடிய அலுமினிய சிலிண்டர், 200 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு) வரை நிரப்பலாம். புகார் ஒரே வரிதான்: "ராத்திரி ஃபுல்லா ஏத்தி வச்சா காலையில காத்து இறங்கிடுது." துருவிக் கேட்டால் இன்னும் இரண்டு செய்திகள் வரும். நிரப்பும்போது ஒரு தடவை உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டது. நிரப்பும் முனையை முகர்ந்தால் தீய்ந்த ரப்பர் வாசனை. கடைசிச் செய்தி, மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் வரும்: "லீக் நிக்கட்டும்னு ரெண்டு சொட்டு ஆயில் விட்டோம்."

இது ஒரே ஒரு துப்பாக்கிக்கு நேர்ந்தது அல்ல. பயிற்சிக்கூடங்களில் திரும்பத் திரும்ப, ஏறத்தாழ இதே வரிசையில் நடக்கும் பழுது. அதன் பொது வடிவத்தையே இங்கே ஒரு நிகழ்வாக எடுத்துக்கொள்கிறோம். தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் உள்ளமைப்பு பெரிதாக மாறுவதில்லை: சிலிண்டர், அதன் தலையில் ஒருவழி வால்வு, துப்பாக்கிக்குள் அழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் ரெகுலேட்டர், அதை அடுத்துச் சுடும் வால்வு, இவை ஒவ்வொன்றிலும் காற்று கசியாமல் காக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள்.

முதலில், இது லீக்தானா?

புகாரை அப்படியே நம்பிக் கழற்றக் கூடாது. காற்றை அழுத்தினால் சூடாகும், ஆறினால் அழுத்தம் குறையும். நிரப்பி முடித்த கணத்தில் உள்ளே காற்று 50 டிகிரி, கேஜ் 200 பார் என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பமான 30 டிகிரிக்கு ஆறும்போது அது சுமார் 188 பாருக்கு வந்துவிடும். ஒரு துளிக் காற்றும் வெளியே போயிருக்காது. ஹேண்ட் பம்பில் வேகவேகமாக ஏற்றியவர்கள் 'லீக்' என்று கொண்டுவருவதில் இந்த 12 பார் அடிக்கடி அகப்படும். எனவே நிரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அப்போது கேஜ் காட்டும் எண்ணை எழுதி வைத்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்.

நம் நிகழ்வில் ஆறிய பிறகும் ஒரே இரவில் 30 பார் போகிறது. சுமார் 200 மி.லி. சிலிண்டரில் 30 பார் என்றால் வெளியேறிய காற்று 6 லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் நிமிடத்துக்கு 8 மி.லி. கிட்ட. ஐந்து மி.மீ. குமிழிகளாகக் கணக்கிட்டால் விநாடிக்கு இரண்டு குமிழி. இவ்வளவு பெரிய கசிவு சோப்புத் தண்ணீரில் ஒளிய முடியாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் இருபது பங்கு. சின்ன பிரஷ்ஷால் சிலிண்டர் தலை, கேஜின் அடிப்பக்கம், ரெகுலேட்டரின் சுவாசத் துளை, பீப்பாய் வாய் என ஒவ்வொரு இடமாகத் தடவி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பீப்பாய் வாயைச் சோதிக்க அதற்குள் தண்ணீர் விட வேண்டாம். வாய்மீது ஈரமான சோப்புப் படலம் போதும், அது உப்பினால் சுடும் வால்வின் சீட் (வால்வு மூடும்போது அமரும் பரப்பு) கசிகிறது. சோதனை முடிந்ததும் சோப்பை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். அலுமினியத்தின் மேல் காய்ந்த சோப்பு பூத்துப்போகும்.

சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக ஒரு இரவு வைத்துப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. தனியாக வைத்தபோதும் இறங்கினால் குற்றம் சிலிண்டர் தலையில் அல்லது கேஜில்; தனியாக நிலைத்து நின்று, மாட்டினால் மட்டும் இறங்கினால் ரெகுலேட்டரிலோ அதற்கு அப்பாலோ. நம் துப்பாக்கியில் இரண்டு இடத்திலும் கசிவு. ஒரே நேரத்தில் இரண்டு சீல்கள் தற்செயலாகக் கெடுவது அரிது. இரண்டையும் கெடுத்த பொதுவான ஒன்று உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

திறந்து பார்த்தபோது

சிலிண்டர் தலை வால்வின் ஓ-ரிங்கை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். நைட்ரைல் எனும் செயற்கை ரப்பரால் ஆன நல்ல ஓ-ரிங் மங்கலான கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் உடனே நிமிரும். இது ஒரு பக்கம் பளபளவென்று கண்ணாடி போல இறுகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை வளைத்தால் சன்னமான வெடிப்புகள் வாய் திறக்கின்றன. விளிம்பில் எலி கொறித்தது போலச் சிறு சிறு பிசிறுகள். துணியில் உருட்டினால் பழுப்பும் கறுப்புமாகக் கோடு விழுகிறது. அந்தக் கோடு கரி.

ரெகுலேட்டரின் பிஸ்டனில் வேறு விதமான சேதம். அதன் மேல் தேன் நிறத்தில் ஒட்டும் படலம், விரலில் பட்டால் பழைய தையல் மெஷினின் அடிப்பாகத்தைத் தொட்டது போல. ஆயிலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சியது பிசின். பிஸ்டன் வழுக்கிச் செல்ல வேண்டிய இடத்தில் தயங்கித் தயங்கி நகர்கிறது. இதனால்தான் சில நிமிடம் ஓய்வுக்குப் பின் சுடும் முதல் குண்டின் வேகம் மற்றவற்றிலிருந்து விலகுகிறது. பயிற்சியாளர் அதை வீரரின் கைப்பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

கொறித்த விளிம்பு இன்னொரு தவறின் அடையாளம். அது தீயால் வந்ததல்ல. முன்பு யாரோ ஹார்டுவேர் கடை ஓ-ரிங் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் 70 ஷோர் கடினம். 200 பாரைத் தாங்கும் நிலையான சீல்களுக்குப் பெரும்பாலும் 90 ஷோர் வேண்டும். மென்மையான ரப்பரை அழுத்தம் உலோக இடுக்குக்குள் பிதுக்கித் தள்ளி, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கும். தடிமனும் கவனிக்க வேண்டியது. 1.78 மி.மீ. தடிமன் வேண்டிய பள்ளத்தில் 2 மி.மீ. ஓ-ரிங் பார்வைக்குப் பொருந்தியதாகவே தோன்றும், மாட்டும்போது ஒரு சீவல் சீவிக்கொண்டு உள்ளே போகும். ஆக, முதல் சிறு கசிவு தவறான ஓ-ரிங்கால் வந்தது. அதை நிறுத்த ஆயில் விட்டார்கள். ஆயில் எரிந்தது. பிறகு பெரிய கசிவு. வரிசை இதுதான்.

ஆயில் ஏன் எரிகிறது

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். அதே வேலை நிரப்பும் குழாயின் முனையில் நடக்கிறது. ஏர்கன் உலகில் இதை டீசலிங் என்பார்கள்.

துப்பாக்கியை நிரப்பப் பயன்படும் பெரிய சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறந்தால் குழாய்க்குள் 1 பாரில் இருந்த காற்று ஒரு நொடிக்குள் முட்டுச்சந்தில் நசுங்குகிறது. 30 டிகிரியில் தொடங்கும் காற்று, வெப்பம் வெளியேற நேரமில்லாமல் 30 பாருக்கு இறுகினாலே கணக்குப்படி 500 டிகிரியைத் தாண்டும். 200 பார் என்றால் 1,000 டிகிரிக்கும் மேல். உலோகச் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது. ஆனால் கனிம ஆயில்கள் பல சாதாரணக் காற்றிலேயே 250 முதல் 350 டிகிரிக்குள் தானாகத் தீப்பிடிக்கும்; அழுத்தம் கூடினால் அந்த வரம்பு இன்னும் இறங்கும். மேலும் 200 பார் காற்றில் ஆக்சிஜனின் பங்கு மட்டும் 42 பார். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 0.21. இருநூறு மடங்கு அடர்த்தியான ஆக்சிஜனில், ஒரு சொட்டு ஆயில் எரிபொருளேதான்.

'டக்' சத்தம் அந்த எரிப்பு. பெரும்பாலும் ஒரு ஓ-ரிங்கைத் தின்றுவிட்டு அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் ஆபத்து புரிவதில்லை. உள்ளே தேங்கியிருக்கும் ஆற்றலைப் பாருங்கள்: 200 மி.லி. சிலிண்டரில் 200 பார் காற்று சட்டென்று விரிந்தால் வெளிப்படுத்தக்கூடியது சுமார் 7,800 ஜூல். 0.53 கிராம் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) நொடிக்கு 170 மீட்டரில் பறக்கும்போது அதனிடம் இருப்பது 8 ஜூலுக்கும் குறைவு. ஆயிரம் குண்டுகளின் ஆற்றல் நம் இடக்கை பிடிக்கும் இடத்தருகே அடைபட்டிருக்கிறது. அதனுள்ளே தீ வைக்கும் பொருள் எதுவும் போகக் கூடாது.

இங்கிருந்து ஒரு நேரடியான நடைமுறை வருகிறது: வால்வை மெல்லத் திறக்க வேண்டும். கேஜ் முள் தவழ்ந்து ஏற வேண்டும், துள்ளக் கூடாது. 100 பாரிலிருந்து 200க்கு ஏற ஒரு நிமிடமாவது ஆகட்டும். துப்பாக்கிக்குள் எவ்வளவு காற்று மிச்சமிருந்தாலும், மாட்டும் கணத்தில் குழாய் எப்போதும் 1 பாரில்தான் இருக்கும். ஆகவே சிலிண்டர் பாதி நிறைந்திருக்கிறதே என்று அவசரப்படக் காரணமில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்டிங் பட்டறையிலோ ஆஸ்பத்திரியிலோ உள்ள ஆக்சிஜன் சிலிண்டரோடு அடாப்டர் போட்டு இணைத்துவிட முடியும் என்பதாலேயே நிரப்பலாம் என்று ஆகாது. மேலே சொன்ன 42 பார் அங்கே 150, 200 என்று நேராக நிற்கும். ஓ-ரிங், பிளாஸ்டிக் சீட், ஏன், அலுமினியமேகூட எரியும். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

ஆயில் விட்டவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு நியாயமான ஒரு வேர் உண்டு. ஸ்பிரிங் ஏர்கன்களில், முக்கியமாக நம் ஊரில் பல வீடுகளில் இருந்த மடக்கும் துப்பாக்கிகளில், பிஸ்டன் தலையில் தோல் வாஷர் இருக்கும். தோல் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று தப்பும். அதற்கு எப்போதாவது ஒரு சொட்டு ஆயில் விட்டு ஊறவைப்பதுதான் சரியான வைத்தியம். அழுத்தக் காற்றுக்குத் தோல் சீல் போடுவது பழைய கலை. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்குத் தரப்பட்ட ஜிராந்தோனி ஏர் ரைஃபிளிலும் தோல் சீல்தான். காற்றைப் பிடித்துவைக்க அதை ஈரமாகவே காக்க வேண்டியிருந்தது.

தோலுக்குச் சரியான வைத்தியத்தை ரப்பருக்குச் செய்ததுதான் இங்கே நடந்தது. ஓ-ரிங் ஊறத் தேவையில்லை. அது அழுத்தத்தாலேயே பள்ளத்தின் சுவரோடு ஒட்டிச் சீல் ஆகிறது. அதற்கு வேண்டியது மாட்டும்போது வழுக்க ஒரு சன்னப் படலம், அவ்வளவே. கசியும் ஓ-ரிங்கை எந்த ஆயிலும் குணப்படுத்தாது. பிசுபிசுப்பு கொஞ்ச நேரம் கசிவை மறைக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் அடுத்த நிரப்பல் நடக்கும்.

எங்கே எது

காற்றுப் பாதையில், அதாவது நிரப்பும் முனையிலிருந்து பீப்பாய் வரை உயர் அழுத்தக் காற்று தொடும் எல்லா இடத்திலும், பெட்ரோலிய வகை எதுவும் கூடாது. தையல் மெஷின் ஆயில், என்ஜின் ஆயில், வாஸ்லின், டபிள்யூடி-40, பைக் செயின் ஸ்பிரே எல்லாம் இதில் அடக்கம். தேங்காய் எண்ணெயும்தான், அது எரியவும் செய்யும், சிக்குப் பிடித்துப் பிசினாகவும் ஆகும்.

ஓ-ரிங்குகளுக்குச் சிலிகோன் கிரீஸ். மாலிகோட் 111 இந்த வேலையில் நெடுநாளாகப் புழங்குவது. நைட்ரைல், வைட்டான் ஆகிய இரண்டு செயற்கை ரப்பர்களையும் அது கெடுக்காது. ஆனால் சிலிகோன் ரப்பரில் செய்த ஓ-ரிங்கில் சிலிகோன் கிரீஸைத் தடவினால் அது உப்பிவிடும். செங்கல் நிறத்தில் மெத்தென்று இருக்கும் ஓ-ரிங் என்றால் ஒருமுறை யோசிக்கவும். ஹேண்ட் பம்பின் கடைசிக் கட்டப் பிஸ்டன், நிரப்பும் முனையின் வால்வு போல வெப்பம் அதிகம் ஏறும் இடங்களுக்கு கிரைடாக்ஸ் போன்ற பெர்ஃபுளோரோ வகை கிரீஸ் இன்னும் பாதுகாப்பு. விலை கடுமைதான். ஆனால் ஒரு சிறு ட்யூப் ஒரு கூடத்துக்கே பல வருடம் வரும், எங்கள் தேர்வு அதுவே.

'சிலிகோன் ஸ்பிரே' என்று டப்பாவில் வருவது வேறு பொருள். அதில் சிலிகோன் கொஞ்சம். மீதி பெரும்பாலும் எளிதில் பற்றும் கரைப்பானும் உந்து வாயுவும். சிலிகோன் என்ற பெயரைப் பார்த்து அதை நிரப்பும் முனையில் அடிப்பது, தையல் மெஷின் ஆயில் விடுவதைவிட மோசம்.

சிலிகோனுக்கு ஒரு குறை உண்டு. உலோகமும் உலோகமும் பாரத்தோடு உரசும் இடத்தில் அது தாங்காது. போல்ட்டின் வெளிப்பக்கம், சைடு லீவரின் ஊசி, டிரிகர் இணைப்புகள் ஆகியவற்றுக்கு மாலிப்டினம் கிரீஸ் அல்லது நல்ல கன் ஆயில். அதுவும் ஊசிமுனையில் தொட்டு ஒரு புள்ளி. டிரிகரின் உரசும் முனைகளைத் தயாரிப்பாளர் கையேடு சொன்னால் தவிரத் தொடவே வேண்டாம். பீப்பாயின் உட்புறம் உலர்ந்தே இருக்கட்டும், சுத்தம் செய்ய உலர் ஃபெல்ட் பெல்லட் (குண்டு வடிவத் துடைப்பான்) போதும்.

அளவு? ஒரு அரிசி அளவு கிரீஸ் ஆறேழு ஓ-ரிங்குக்குக் காணும். விரல் நுனிகளுக்கு இடையே ஓ-ரிங்கை உருட்டித் தடவிய பிறகு அது ஈரம்பட்டது போல மின்ன வேண்டும். வெள்ளையாக அப்பிக்கொண்டிருந்தால் அதிகம். அதிகமான கிரீஸ் காற்றோடு சேர்ந்து சுடும் வால்வுக்கும் பீப்பாய்க்கும் போகும். குண்டின் வேகம் நிலைகொள்ளாமல் அலையும்.

பழுது நீக்கிய முறை

முதலில் துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்து, குண்டுத் தடுப்பை நோக்கிப் பிடித்தபடி சிலிண்டரைக் கையாலேயே கழற்ற வேண்டும். இந்த வகைச் சிலிண்டர்களில் தலை வால்வு தானாக மூடிக்கொள்ளும். முதல் சில சுற்றுகளில் லேசாகக் காற்று சீறும், அது ரெகுலேட்டர் பக்கம் தங்கியது. கையால் திரும்பவில்லை என்றால் ஸ்பேனரைத் தேடாதீர்கள். இரண்டு பக்கமும் அழுத்தம் நிற்கிறது என்று பொருள். வெறும் சுடுதலாக, சத்தம் அடங்கும்வரை, காற்றைக் காலி செய்துவிட்டு மீண்டும் முயலலாம். கழற்றிய பிறகும் இரண்டு மூன்று முறை வெறும் சுடுதல் செய்து ரெகுலேட்டருக்குள் மிஞ்சியதையும் போக்கிவிட வேண்டும்.

சிலிண்டரைக் காலி செய்ய அதற்கென்று வரும் ப்ளீட் திருகை மட்டும் பயன்படுத்த வேண்டும், மெதுவாக. வேகமாக வெளியேற்றினால் ரப்பருக்குள் ஊறிய காற்று விரிந்து ஓ-ரிங்கில் கொப்புளம் கிளம்பும். நல்ல சீலும் வீணாகும். கேஜ் பூஜ்யம் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், கேஜ் முள் மாட்டிக்கொள்வதுண்டு. ப்ளீட் துளையில் இனிச் சத்தமே இல்லை என்றான பிறகும் ஐந்து நிமிடம் திறந்தே வையுங்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு மூடியை 200 பார் தள்ளும் விசை ஏறத்தாழ ஒரு டன். மரையின் கடைசிச் சுற்றில் அது கழன்றால் பிடித்துக்கொள்ள யாராலும் முடியாது.

பிறகு ரெகுலேட்டர். உள்ளே கூம்பு வடிவ பெல்வில் வாஷர்கள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அடுக்கப்பட்டிருக்கும். எடுக்கும் முன் அடுக்கு வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளவும். ஒரே ஒரு வாஷர் திரும்பிவிட்டால் வெளியேறும் அழுத்தமே மாறிவிடும். அமைப்புத் திருகு எத்தனை சுற்றில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு அதைத் தொடாமலே விட்டுவிடுவது உத்தமம். ஓ-ரிங்கைப் பள்ளத்திலிருந்து எடுக்க இரும்பு ஊசி வேண்டாம். மூங்கில் பல்குச்சி அல்லது பித்தளை முனை. பள்ளத்தில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் புது ஓ-ரிங் போட்டும் கசியும், அந்தக் கசிவுக்கு மருந்து கிடையாது.

உலோகப் பாகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, பிசின் படிந்த இடத்தை மட்டும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு பிரியாத துணியால் துடைத்தோம் என்றால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. ஆல்கஹாலும் எரிபொருள்தான். மூடிய துளைக்குள் அதன் ஆவி தங்கியிருக்க, அதன்மேல் 200 பார் ஏற்றினால் எதைத் தவிர்க்க இவ்வளவு செய்தோமோ அதுவே நடக்கும். கழுவிய பாகங்கள் காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு காய வேண்டும். பிரேக் கிளீனர், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் வால்வு சீட்டுக்கும் ரப்பருக்கும் அருகில் கொண்டுவரவே வேண்டாம்.

பழைய ஓ-ரிங் ஒன்றுகூடத் திரும்பப் போகாது. எரிந்தது இரண்டு மட்டும்தானே என்று மற்றவற்றை விட்டுவைத்தால் ஆயில் ஊறியவை அடுத்து கெடும். தயாரிப்பாளரின் சீல் செட் கிடைத்தால் அதுவே. கிடைக்காதபோது வெர்னியரில் பள்ளத்தை அளந்து, தடிமன், உள்விட்டம், கடினம் மூன்றையும் சொல்லி வாங்க வேண்டும். பழைய ஓ-ரிங்கை அளந்து வாங்காதீர்கள், அது நசுங்கியும் உப்பியும் இருக்கும். பிளாஸ்டிக் சீட்டில் வளையம் ஆழமாகப் பதிந்திருந்தாலோ கரி படிந்திருந்தாலோ அதையும் மாற்ற வேண்டும். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். சீல் செய்வது ஓ-ரிங், மரை அல்ல, டேப்பின் இழை பிய்ந்து வால்வுக்குள் போய்ப் புதிய கசிவைத் தொடங்கும். அலுமினிய மரை கடித்துக்கொள்ளாமல் இருக்க அதே கிரீஸில் ஒரு பூச்சு, கையிறுக்கம், போதும்.

பம்பும் தண்ணீரும்

துப்பாக்கியைச் சரிசெய்து அதே ஹேண்ட் பம்பில் மீண்டும் நிரப்பினால் பழுது திரும்பி வரும். ஆயில் பம்பு வழியாகத்தான் போயிருக்கிறது. குழாயின் உள்ரப்பரில் ஆயில் ஊறிவிட்டால் கழுவி எடுக்க முடியாது, குழாயை மாற்றத்தான் வேண்டும். பம்பின் மூன்று கட்டச் சீல்களையும் மாற்ற வேண்டும். அதைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் பம்பைச் சர்வீசுக்கு அனுப்புவதே நல்லது. ஒரு சீல் தலைகீழாகப் போனாலும் பம்பு அடிக்கும், அழுத்தம் மட்டும் ஏறாது.

இதே வேளையில் சிலிண்டருக்குள் கண்டது இன்னொன்று: அடியில் வெள்ளைப் பொடி. அலுமினியத் துரு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது தவிர்க்க முடியாத விருந்தாளி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு எளியது. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி. காலிச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் காற்று வேண்டும். அதில் வரும் நீர் ஏறத்தாழ ஒரு கிராம். நிறைந்த பிறகு அந்த 200 மி.லி. இடத்தில் ஆவியாகத் தங்கக்கூடியது சில மில்லிகிராம் மட்டுமே. மீதி தண்ணீராகச் சொட்டியாக வேண்டும். பம்பிலா, குழாயிலா, சிலிண்டருக்குள்ளா என்பதுதான் கேள்வி. பம்பின் அடியில் உலர்த்தி வடிகட்டி வைத்து, சிலிகா ஜெல் நிறம் மாறியதும் மாற்றி, 60, 70 தடவை அடித்ததும் நிறுத்திப் பம்பை ஆறவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ப்ளீட் திருகைத் திறந்து விட்டால் நீரின் பெரும்பகுதி வெளியே போகும். திறக்கும்போது புறங்கையைக் காட்டிப் பாருங்கள், பனித்துளி போலத் தெறிக்கும். பம்பின் அடிக்குழாயைத் தொட முடியாத அளவு சூடானால் அது சீல்களுக்கும் சூடு. நிறுத்த வேண்டிய நேரம் அதற்கு முன்பே கடந்துவிட்டது.

முடிந்தால் ஹேண்ட் பம்பையே விட்டுவிட்டு, சுவாசக் காற்றுத் தரத்தில் நிரப்பித் தரும் ஸ்கூபா நிலையத்தின் பெரிய சிலிண்டருக்கு மாறுவதே எங்கள் பரிந்துரை. அந்தக் காற்று உலர்ந்தது, ஆயில் வடிகட்டப்பட்டது. பெரிய சிலிண்டர் அரை லிட்டருக்கு மேற்பட்டதால் 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வரும். பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரமும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை முத்திரையும் சிலிண்டரின் தோள்பகுதியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சிலிண்டரை வைத்துக்கொள்ளலாமா

இந்த ஆய்வில் எளிதில் முடிவெடுக்க முடியாத கேள்வி இது ஒன்றுதான். சீல் எரிந்தால் மாற்றிவிடலாம், சிலிண்டர் சூடுபட்டதா என்பது வெளியே தெரியாது. வெப்பப் பதனம் செய்த அலுமினியக் கலவை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் நேரம் கழித்தால் வலிமை இழக்கும், நிறம்கூட மாறாமல்.

நம் நிகழ்வில் கரி நிரப்பும் முனையிலும் வால்வு ஓ-ரிங்கிலும் மட்டும் இருந்தது. வால்வைக் கழற்றிச் சின்ன எண்டோஸ்கோப் கேமராவால் உள்ளே பார்த்தால் சுவரில் கரியோ நிறமாற்றமோ இல்லை, வெள்ளைப் பொடி மட்டும். பொடியைத் துடைத்தால் அடியில் குழி இருக்கிறது. குழி இருந்தால் பேச்சே இல்லை, ஓய்வு கொடுத்துவிட வேண்டும். கரி உள்ளே வரை போயிருந்தாலும், சிலிண்டர் கீழே விழுந்து மரை அருகே தழும்பு இருந்தாலும் அதே முடிவு. பல ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலிண்டரில் பொறித்த நாளிலிருந்து பத்து ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள். சர்வதேசப் போட்டிகளிலும் சிலிண்டர் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு, உபகரணப் பரிசோதனையில் அதைக் கேட்கலாம். ஒதுக்கிய சிலிண்டரை முழுக்கக் காலி செய்து, வால்வைக் கழற்றி, உடலில் துளை போட்டுத்தான் கழிவுக்கு அனுப்ப வேண்டும். துளையில்லாமல் போட்டால் இன்னொருவர் எடுத்து நிரப்புவார்.

மீண்டும் ஏற்றிப் பார்த்தல்

புதுச் சிலிண்டர், புதுச் சீல்கள். முதல் ஏற்றம் 50 பார் மட்டும். பத்து நிமிடம் விட்டு சோப்புத் தண்ணீர்ச் சோதனை. பிறகு 100, பிறகு 150, ஒவ்வொரு படியிலும் அதே சோதனை; கடைசியில்தான் 200. குறைந்த அழுத்தத்தில் கசிந்து கூடின அழுத்தத்தில் நின்றுவிடும் ஓ-ரிங் உண்டு, அது தளர்வாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நின்றுவிட்டதே என்று விடாமல் திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றும்போது யாரும் சிலிண்டரின் அச்சுக்கு நேரே, முன்னாலோ பின்னாலோ, நிற்கக் கூடாது. கண்ணாடி அணியுங்கள்.

ஆறிய பிறகு 24 மணி நேரத்தில் கேஜ் முள் நகர்ந்தது தெரியக் கூடாது. அடுத்து குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் முப்பது குண்டு: முதல் பத்து தொடர்ச்சியாக, பத்து நிமிட இடைவெளிக்குப் பின் அடுத்த பத்து, அரை மணி கழித்து மீதி. இடைவெளிக்குப் பின் வரும் முதல் குண்டுதான் ரெகுலேட்டரின் சாட்சி. அதன் வேகம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தால், காத்திருந்த நேரத்தில் ரெகுலேட்டரின் சீட் வழியே அழுத்தம் ஊர்ந்து ஏறியிருக்கிறது. வேகம் குறைவாக இருந்தால் பிஸ்டன் ஒட்டிக்கொள்கிறது அல்லது சுடும் வால்வு கசிகிறது. புதுச் சீல்கள் உட்கார நூறு, இருநூறு குண்டுகள் பிடிக்கலாம். ஆகவே முதல் நாள் விலகலுக்குப் பதறித் திருகைத் தொடாமல், இருநூறு குண்டுக்குப் பின் இதே முப்பதை மறுபடி சுட்டு ஒப்பிட வேண்டும்.

முடிவில் துப்பாக்கியின் பதிவேட்டில் எழுத வேண்டியவை: சிலிண்டரில் பொறித்த நாள், சீல் மாற்றிய நாள், ஒவ்வொரு ஓ-ரிங்கின் தடிமனும் கடினமும், பயன்படுத்திய கிரீஸ், ஆறிய பின் அழுத்தம், முப்பது குண்டுகளின் வேகம். பம்பின் கைப்பிடியில் ஒரு சீட்டு ஒட்டி அதில் இரண்டு வரி: "இதில் எந்த ஆயிலும் விடாதே. லீக் இருந்தால் கழற்றி வை, சொல்."